மூன்றாம் பக்கத்து வெள்ளைக்காரி

லாச்சப்பல், பாரிஸ்.
புதன்கிழமை காலமை.

என்ரை துரைக்குஞ்சுக்கு,

உங்கள் மனைவி கமலராணி எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகம். அவ்விடத்தில் உங்கள் சுகத்தை விசாரிப்பது முறையோ என்று தெரியாதபடியால் விசாரிக்காமல் விடுகிறேன். சனத்துக்கு முன்னால் உங்களை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன், துரைக்குஞ்சு என்றது அறைக்குள் மட்டும். இப்ப ஆரும் கேக்கப் போறதில்லை எண்டபடியால் துணிஞ்சு எழுதுறன். நான் அஞ்சாம் வகுப்பு. பிழை கிடந்தால் வழக்கம்போலை சிரியுங்கோ.

நீங்கள் செத்த முப்பத்தொண்டாம் நாள் காரியம் பியர்ஃபித் மண்டபத்திலை நல்லாத்தான் நடந்தது, மூண்டாம் பக்கத்தைத் தவிர. சாப்பிட்டிட்டுப் போற சனத்துக்குக் கையிலை குடுக்க உங்கடை நினைவுப் புத்தகம், அதுதான் கல்வெட்டு, அடிக்கவேணும் எண்டு ரூ பிலிப்-து-ஜிராரிலை அச்சுக்கடை வைச்சிருக்கிற வாமதேவன் அண்ணை படம் கேட்டார். நான் உங்கடை மேசை லாச்சிக்குள்ளை கிடந்த கடித உறையைத் திறந்தும் பாக்காமல் குடுத்திட்டன். பிறகு அவர் அடிக்க முன்னம் பாக்கச் சொல்லித் தாளைக் கொண்டுவந்து நீட்டினார், எனக்குக் கண் முழுக்கத் தண்ணி, கண்ணாடி எங்கையோ, ஓம் அண்ணை எல்லாம் வடிவு எண்டு சொல்லிப்போட்டன். இருநூறு புத்தகம். மண்டபத்திலை பாயாசம் குடுக்கிற நேரம் பாத்தால் சனம் முழுக்க மூண்டாம் பக்கத்திலை நிக்குது. என்ரை படத்துக்குப் பக்கத்திலை, என்னைவிடப் பெரிசா, தொப்பியிலை இறகு குத்தின ஒரு வெள்ளைக்காரி. அந்தப் படத்துக்குப் பின்னாலை உங்கடை கையெழுத்திலை "செவ்வாய் ரெண்டு மணி" எண்டு எழுதியிருந்ததாம். வாமதேவன் அண்ணை நாகரிகமான மனுசன், ஒண்டும் கேக்கேல்லை, கீழை "எங்கள் வெளிநாட்டு உறவு" எண்டு தானாகவே போட்டு விட்டிட்டார்.

அதுக்குப் பிறகு என்னைப் பிடிச்சு அழுத பெண்டுகள் முன்னையைவிட இறுக்கிப் பிடிச்சு அழுதினம். அவவுக்கும் செத்தவீடு சொல்லிவிட்டனீங்களோ எண்டு ஒருத்தி காதுக்குள்ளை கேட்டா. உங்களோடை றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவின புண்ணியமூர்த்தி, மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவிலை உங்கள் ரெண்டு பேரையும் தன்ரை கண்ணாலை கண்டதெண்டும், அந்த அம்மா நல்ல மரியாதையான பிறவி எண்டும் மேசை மேசையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். பியர்ஃபித்திலையே வீடு உள்ள உங்கடை தங்கச்சி மிருணாளினி மாத்திரம், ஒருத்தரும் கேக்க முன்னமே ஓடிவந்து, "மச்சாள், உது ஆரெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது" எண்டா. சொல்லேக்கை பாயாசம் புரைக்கேறிப் போச்சு, பாவம்.

செவ்வாய்க்கிழமை உங்கடை லீவு நாள். ஆறு வருசமா பிரெஞ்சு வகுப்பு எண்டுதானே வெளிக்கிட்டனீங்கள். ஆறு வருசம் படிச்சும் பொன்ஜூருக்கு அங்காலை போகேல்லை எண்டு நான் பிள்ளையாருக்கு நேத்தி வைச்சனான். வாத்தியார், அண்ணையைப் பற்றி நல்லாச் சொல்லுறாராம் எண்டு மிருணாளினியும் சொல்லுவா. அவவையும் ஏமாத்திப்போட்டீங்கள்.

உங்கடை கோட்டுப் பொக்கற்றைத் தட்டினன். சினிமா ரிக்கற் கட்டாக் கட்டா விழுந்தது, எல்லாம் செவ்வாய்க்கிழமை, எல்லாம் ரெண்டு ரெண்டு. நேற்று அந்தக் கோட்டைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டு வேவு பாக்க வெளிக்கிட்டன். மெத்ரோ வாசலுக்குப் போறதுக்குள்ளை ஏழு பேர், அக்கா எங்கை வெளிக்கிட்டாச்சு எண்டு கேட்டிட்டினம். கோட்டுக்குக் கீழை சீலை தெரிஞ்சதாம்.

ரிக்கற்றிலை பேர் போட்டிருந்த அந்தச் சின்னத் தியேட்டர் வாசலிலை, கண்ணாடிப் பெட்டிக்குள்ளை, அதே இறகுத் தொப்பிக்காரி நிக்கிறா. சினிமாக்காரி! மனுசரில்லை, படம். எனக்கு அவவைக் கட்டிப்பிடிக்கவேணும் போலை கிடந்தது. ரிக்கற் குடுக்கிற கிழவன், ரேமண்டாம் பேர், உங்கடை கோட்டைக் கண்டிட்டு எழும்பினார். நான் "முசியே மோர்" எண்டன், ஆள் செத்துப்போச்சு எண்டு சொல்ல எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான். அந்த மனுசன் இருந்து அழுதுபோட்டார். உங்கடை சாமான் எண்டு ஒரு பை தந்தார், பிரிச்சுப் பாக்க மனம் வரேல்லை. பின் வரிசை மூலைச் சீற்றைக் காட்டி, அதுக்குப் பக்கத்திலை இன்னொண்டையும் காட்டி, ரெண்டு விரலைத் தூக்கினார்.

அப்பத்தான் விளங்கினது. லீவு நாளிலை ஒரு இங்கிலீசுப் படம் பாப்பம் வாரும் எண்டு ஒருக்கா என்னைக் கேட்டனீங்கள். பாசையும் விளங்காது, வெள்ளைக்காரி தொண்டை கிழியப் பாடுவாள், தலை இடிக்கும், நான் வரமாட்டன் எண்டனான். என்ரை ராசா, அதுக்குப் பிறகும் எனக்கெண்டு ஒரு ரிக்கற் எடுத்து, ஆறு வருசமா வெறுஞ் சீற்றுக்குப் பக்கத்திலை இருந்திருக்கிறீங்கள்.

என்ரை சீற்றிலை இருந்து படமும் பாத்தன். சண்டை நடக்குது, அவ பட்டாளத்துக்குப் பாட்டுப் பாடி எதிரிக்கு வேவு பாக்கிறா, வேவு பாக்கப்போன துரையிலையே காதலும் வந்திட்டுது. குண்டு விழ விழ ரெண்டு பேரும் ஆடினம். எங்கடை சண்டையிலை பங்கருக்குள்ளை ஆரும் பாடியிருந்தால் செல்லடிக்கு முதல் எங்கடை கையாலை செத்திருப்பினம். எந்த வேவுக்காரி தொப்பியிலை இறகு குத்துவாள்? ஆனால் கடைசியிலை அவ துரைக்கு எல்லா உண்மையையும் சொல்லேக்கை நானும் அழுதனான், உங்களுக்குச் சொல்ல என்ன வெக்கம்.

இண்டைக்கு வாமதேவன் அண்ணையிட்டைத் திருத்தத் துண்டு இருநூறு அடிக்கச் சொல்லியிருக்கிறன்: "மூன்றாம் பக்கத்திலுள்ள அம்மா எங்கள் உறவினர் அல்லர், சினிமா நடிகை." புண்ணியமூர்த்திக்கு மாத்திரம் ரெண்டு.

நீங்கள் இருக்கிற இடத்திலை குளிர் படாமல் இருங்கோ. பிள்ளையார் உங்களைப் பாத்துக்கொள்ளட்டும். மிருணாளினியைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, போன தீவாளிக்கு நான் குடுத்த பச்சைச் சால்வையை ரெயினிலை துலைச்சுப்போட்டு அழுதவ, வேறை ஒண்டு வாங்கிக் குடுக்கிறன்.

எப்பவும் உங்கடை,
கமலராணி

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன்னம் ரேமண்ட் தந்த பையைப் பிரிச்சன். உள்ளுக்கை பச்சைச் சால்வை. மூலையிலை நான் என்ரை கையாலை தைச்ச "மி". மேலை எழுதினது ஒண்டையும் கணக்கெடுக்காதேங்கோ. படத்திலை இருந்தவ வேவுக்காரியே இல்லை, வேவுக்காரி பியர்ஃபித்திலை இருக்கிறா. அவவோடை நான் பிறகு கதைக்கிறன், உங்கடை கூடப்பிறந்தவ, படம் பாத்தது குற்றமில்லை. நீங்கள் இதை மாத்திரம் சொல்லுங்கோ. நான் வரமாட்டன் எண்டு சொன்னது ஒருக்காத்தானே, துரைக்குஞ்சு. ரெண்டாந்தரம் ஏன் என்னைக் கேக்கேல்லை?