எட்டாம் மாடிச் சமத்துவம்

எங்கள் சோஃபியா நகரத்து அடுக்குமாடிகளில் கட்டடத்துக்கு ஒருவராவது வாழ்ந்துவரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தியே தீரவேண்டும்: 'அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணு' ஆசாமி. எங்கள் கட்டடத்தில் இவர் பெயர் ஸ்டோய்ல். எட்டாம் மாடி. ஊறவைத்த முட்டைக்கோஸும் ஒரு கிளாஸ் ரக்கியா சாராயமும் மேசைக்கு வந்துவிட்டால் போதும், சோஷலிச ஆட்சியில் ஊரே ஒரே மாதிரி சோபாவில் உட்கார்ந்தது, ஒரே தொத்திறைச்சியைத் தின்றது, ஒரே கடற்கரைக்கு விடுமுறை போனது என்று ஆரம்பித்து, இன்றைக்குப் பணம் பார்த்தவனெல்லாம் திருடன் என்று முடிப்பார்.

"ஏன் ஸ்டோய்ல் அண்ணே, ஊரே வருஷக்கணக்கா காருக்குக் காத்துக்கிடந்தப்போ நீங்க மட்டும் எப்படி சட்டுனு வாங்கினீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது விரஸ்காப்பா! மச்சான் கட்சிக் கமிட்டியில இருந்தானே!"

விரஸ்கா என்றால் காரியம் முடித்துத் தரும் தெரிந்த ஆள். இவருக்கு இருந்தால் பழக்கம், அடுத்தவனுக்கு இருந்தால் ஊழல்.

போன குளிர்காலத்தில் லிஃப்ட் படுத்துவிட்டது. ஸ்டோய்லின் மனைவி யோர்தான்காவுக்கு அப்போதுதான் முழங்காலில் ஆபரேஷன். ஏழாம் மாடி பிளாமென், ஜன்னல் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவன், "என் செலவுலயே புது லிஃப்ட் போட்டுத் தர்றேன்" என்றான். எங்களுக்கு வாயெல்லாம் பல். ஆனால் குடியிருப்போர் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டுமே? கூட்டத்தில் ஸ்டோய்ல் எழுந்தார்.

"திருட்டுக் காசுல ஏறிப் போறதுக்கு நடந்தே சாகலாம்!"

"அவன் திருடினதை நீங்க பாத்தீங்களா, அண்ணே?"

"அதை வேற பாக்கணுமா? அவன் வீட்டு சமையலறை டைல்ஸைப் பாத்தேனே!"

அசையவே இல்லை மனிதர். பிளாமென் வெறுத்துப்போய் மலையடிவாரத்தில் வீடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஸ்டோய்ல் எட்டு மாடியும் மூச்சிரைக்க ஏறிவந்து, வெற்றிக் களிப்போடு மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, இப்போ எல்லாரும் நடக்கிறோம். எல்லாரும் ஒண்ணு!"

யோர்தான்கா ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. கீழே முற்றத்துச் செர்ரி மரம் அவள் இல்லாமலே பூத்து, உதிர்ந்து, காய்த்தும் விட்டது.

"எல்லாருமா? நான் எங்கேய்யா நடக்கிறேன்?"

மறுநாள் காலையில் ஸ்டோய்ல் என் கதவைத் தட்டினார். "தம்பி, லிஃப்ட் கம்பெனியில உனக்கு விரஸ்கா யாராவது...?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் எதிர்வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கட்டியபோது உங்கள் வாயில் முதலில் வந்தது எது, 'நல்லா இருக்கட்டும்' என்பதா, 'ஏதுடா இவனுக்குக் காசு' என்பதா? உரக்கச் சொல்ல வேண்டாம். யோர்தான்கா இன்னும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள், காதில் விழுந்துவிடும்.