என் மனைவி என் மாமா பெண் இல்லையாம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்

சிரஞ்சீவி பட்டாபிக்கு அத்திம்பேர் நாகேஸ்வரன் ஆசீர்வாதம். இவ்விடம் உடம்பளவில் எல்லோரும் க்ஷேமம். அவ்விடம் முழு க்ஷேமமாக இருக்கப் பகவான் அருளட்டும். போனில் பேசினால் உன் அக்கா விஜயலக்ஷ்மி காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

என் பெண் ஸ்நேகா பெங்களூரிலிருந்து எனக்கும் உன் அக்காவுக்கும் ஆளுக்கொரு டி.என்.ஏ. டப்பா அனுப்பியிருந்தாள். டியூபில் எச்சில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் எல்லாம் சொல்வார்களாம். அனுப்பினோம். போன வாரம் ரிப்போர்ட் வந்தது. எனக்கும் விஜயலக்ஷ்மிக்கும் ரத்த சம்பந்தம் துளிக்கூட இல்லை என்று போட்டிருக்கிறது. பட்டாபி, நான் யாரைக் கல்யாணம் செய்துகொண்டேன்? மாமா பெண்ணை. என் அம்மாவும் உன் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள் என்றுதானே இத்தனை காலம் நம்பியிருக்கிறோம்? இருவரில் யாரோ ஒருவர் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், இருவரும் இப்போது சுவரில் படமாக இருக்கிறார்கள், கேட்கவும் வழியில்லை, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மூக்கையும் பார்த்துப் பார்த்து என் கண்தான் வலிக்கிறது. மாமா பெண்ணாச்சே என்று முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. இப்போது அந்நியம் என்று ஆனபிறகு பார்க்காமல் விடலாமா என்று, யாருடையது எனச் சொல்லாமல், இரண்டையும் ஜோசியர் அழகியநம்பியிடம் கொண்டுபோனேன். அவர் கணக்குப் போட்டுவிட்டு, "இது ஒட்டாது சாரே. பெண் வீட்டுக்காராகிட்ட நல்ல வார்த்தை சொல்லி ஒழிஞ்சுக்குங்கோ" என்கிறார்.

அதுகூடப் போகட்டும், உன் அக்காதான் என்னைக் கலங்க அடிக்கிறாள். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து மரியாதையாகப் பேசுகிறாள். காபி ஆறுகிறது, குடித்துத் தொலையுங்கள் என்று சொல்கிறவள், விருந்தாளிக்கு எடுக்கும் வெள்ளி டம்ளரில் கொண்டுவந்து வைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள். நேற்று பக்கத்தில் வந்து, "மாமா பொண்ணுங்கற உரிமைல என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றாள். உறவு விட்டுப்போகக் கூடாதே என்றுதான் இத்தனை வருஷம் என்னோடு குப்பை கொட்டினாள், உறவே இல்லை என்றால் இனி எதற்கு இருப்பாள்? அந்தப் பயத்தில் துணி மடிக்கிறேன், சாலைக் கடைத்தெருவுக்குப் போய் யாரும் சொல்லாமலே பாகற்காய் வாங்கி நானே நறுக்குகிறேன். அவள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லையடா.

ஆகவே நீயும் உடனே ஒரு டியூப் வாங்கித் துப்பி அனுப்பு. அந்நியம் நானா அவளா என்பதாவது தெரியட்டும். நானாக இருந்தால் அவளிடம் சொல்லாதே.

உன் ஆத்துக்காரி ஜெயலக்ஷ்மிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
அத்தை பிள்ளை என்ற பதவி நிலுவையில் உள்ள
நாகேஸ்வரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் விஜயலக்ஷ்மி இதைப் படித்துவிட்டாள். நீ துப்ப வேண்டாம். டியூபில் துப்ப அவளுக்கு அருவருப்பாக இருந்ததாம், வாசலில் பூ விற்க வந்த பொன்னம்மையிடம் கொடுத்து நிரப்பி வாங்கினாளாம். ரிப்போர்ட் வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லத்தான் வந்தேன். நீங்க பயந்துபோய் நின்னது பார்க்க நன்னா இருந்தது. தீபாவளி வரைக்கும் போகட்டும்னு விட்டுட்டேன்" என்கிறாள்.