இரண்டிலிருந்து நாலுக்கு ஒரு கீறல்

"கீறல் எங்கே, மிஸ்டர் குவெக்?" என்று டாக்டர் யாப் கேட்டார்.

கடிகாரம் பல் மருத்துவ நாற்காலியின் பக்கத் தட்டில் கிடந்தது. நோயாளிகளின் கடைவாய்க்குள் பாய்ச்சும் விளக்கை அதன்மேல் திருப்பியிருந்தார்கள். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பதினோரு ஆண்கள், இறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

குவெக் ஹொக் லியாங்குக்கு அறுபத்தொன்பது வயது. இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எதற்கும் எவரும் ஆதாரம் கேட்டதில்லை.

சிங்கப்பூரின் கத்தோங் பகுதியில் டாக்டர் யாப்பின் பல் கிளினிக்கில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடுகிற இந்தக் கடிகார ரசிகர் சங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது கடிகாரத்துக்குக் குறைவாக வைத்திருப்பவரை அங்கே சேர்ப்பதில்லை. பத்து மணிக் கூட்டத்துக்கு ஒருவரும் பத்தே முக்காலுக்கு முன்னால் வந்ததில்லை. சாவி கொடுத்தால் உள்ளே தேயும் என்று எல்லாக் கடிகாரத்தையும் நிறுத்தியே வைத்திருந்தார்கள். மணி தெரிய வேண்டுமென்றால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்து வருடமாக அவர்களுக்கு ஒரே பேச்சு, ஸ்டான்வெல். அறுபத்தேழாம் வருடம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எடுத்த ஓர் ஆங்கிலப் படத்தில் வரும் உளவாளி. படம் எந்த ஊரிலும் ஓடவில்லை. ஆனால் ஓரிடத்தில் ஸ்டான்வெல் வெடிகுண்டின் பக்கத்தில் நின்று மணி பார்க்கிறான். நாலே நொடி. மிஞ்சியிருந்த ஒரே படச்சுருளிலிருந்து அந்தக் காட்சியை யாரோ புகைப்படம் எடுத்து, கடிகாரத்தை மட்டும் வட்டமாக வெட்டி, பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். பல் துலக்கும் முறையை விளக்கும் படத்துக்குப் பக்கத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவர் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை. வெடிகுண்டு வெடித்ததா என்று கேட்டால் பதினோரு பேரும் முழிப்பார்கள்.

அந்த வட்டத்துக்குள் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை செங்குத்தாக ஒரு வெள்ளைக் கீறல், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல். மேலும் கீழும் எஃகு விளிம்பைக்கூட விடவில்லை. கத்தி வெட்டு என்று நாலு பேர், நங்கூரச் சங்கிலி உரசியது என்று நாலு பேர், தோட்டா என்று மிச்சப் பேர். இதற்காக இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே விட்டிருந்தார்கள்.

குவெக் குடும்பம் இதில் வந்து சேர்ந்தது ஹொக் லியாங்கின் அப்பாவால். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்துவந்த பெரியவர், அந்தப் படப்பிடிப்புக்குப் படகு கொடுத்தார். நடிகரின் கடிகாரம் கடலில் விழுந்து படப்பிடிப்பு நின்றபோது, தன் கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார். இதை ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும், மீன் வந்த பிறகு, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லுவார். நடிகரோடு எடுத்த புகைப்படம் ஒன்றும் இருந்தது. நடிகரின் சட்டைக் கை விரல்வரை தொங்கியது. பெரியவரின் வெறும் மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அன்றைக்கு அவரிடம் கடிகாரம் இல்லை என்பதைத்தான் அது நிரூபித்தது.

சங்கம் இப்போது புத்தகம் போடப் போகிறது. ஸ்டான்வெல் கட்டிய கடிகாரம் யாருடையது என்று அதில் ஒரு பெயர் அச்சாகும். ஹொக் லியாங் உறுப்பினர் இல்லையென்றாலும், யாரும் எழுதக்கூடிய சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் கதையை எழுதினார். கீழே ஒருவர், "குவெக் அங்கிளோட அப்பா நல்லாக் கதை சொல்லுவார் போல" என்று எழுதியிருந்தார். அதன் கீழே சிரிக்கிற முகங்கள். ஹொக் லியாங் எண்ணிப் பார்த்தார். ஒன்பது. செத்துப்போன மனிதரைப் பொய்யர் என்று ஒன்பது பேர் சிரித்த பிறகு, கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வராமல் எப்படி இருப்பார்?

"கண்ணாடி மாத்தினது" என்றார் ஹொக் லியாங். அந்தப் பொய்யை அவர் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. வாயில் வந்தது.

"கீறல் எஃகுலயும் இருக்கே. எஃகையும் மாத்திட்டீங்களா?"

"எஃகுக்கு பாலிஷ் போட்டது."

ஒருவர் பின்னால் நகர்ந்து எச்சில் துப்பும் தொட்டியில் இடித்துக்கொண்டார். அந்தச் சங்கத்தில் ஆளைக் கொன்றுவிட்டு வந்தால்கூட உட்கார நாற்காலி உண்டு. பழைய கடிகாரத்தின் தழும்பைப் பாலிஷ் போட்டு அழித்தவருக்குக் கிடையாது.

"உங்க அப்பாவா பாலிஷ் போட்டார்?" குழந்தையிடம் எத்தனை மிட்டாய் தின்றாய் என்று கேட்கும் குரலில் டாக்டர் யாப் கேட்டார்.

அப்பாவின் பெயரைக் காப்பாற்ற வந்த இடத்தில் அப்பாவையே குற்றவாளியாக்கி நிறுத்தியிருந்தது ஹொக் லியாங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா இல்லை. என் மனைவி. விவரம் தெரியாம பற்பசை போட்டுத் தேய்ச்சிட்டா."

"எந்தப் பற்பசை?" என்றார் டாக்டர் யாப், உண்மையான அக்கறையோடு.

ஹொக் லியாங் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. உறுப்பினர்களின் மனைவிகள் மூன்று பேர் போன் செய்து அவர் மனைவி ஸ்வீ கியோக்குக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி வெள்ளிப் பாத்திரம் துலக்கவும் அந்தப் பற்பசை நல்லதா என்று கேட்டிருந்தாள்.

ஸ்வீ கியோக் அவர் செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்தாள்.

"நாற்பத்தோரு வருஷமா அந்தக் கடிகாரப் பெட்டியை நான் தொட்டதில்லை. மாமா தொட விட்டதில்லை. இப்ப கத்தோங் முழுக்க நான்தான் பற்பசைக்காரி. எனக்கும் அப்பா இருந்தார், அவருக்கும் மானம் இருந்தது. இதை நீங்களே சரி பண்ணுங்க."

சரி பண்ணினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து குழுவுக்கு ஒரு செய்தி எழுதினார். அப்பாவிடம் ஒரே மாதிரி இரண்டு கடிகாரம் இருந்தது. தவறுதலாக மற்றதை எடுத்து வந்துவிட்டேன். படத்தில் வந்தது வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. பற்பசை போட்டதும் நான்தான், மனைவி அல்ல. யார் மனதும் புண்படாத நல்ல செய்தி என்று நினைத்தார். உடனே டாக்டர் யாப்பின் பதில் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவரச் சொன்னார். படச்சுருளை வைத்திருக்கும் முதியவரையும் படம் ஓட்டும் மெஷினோடு வரவழைப்பதாகவும், எல்லாரும் சேர்ந்து பெரிய திரையில் ஒப்பிட்டு அன்றைக்கே முடிவு சொல்லிவிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

ஆக, வீட்டில் இருந்த ஒரு கடிகாரம் இரண்டாகியிருந்தது. இல்லாத அந்த இரண்டாவதில் கீறல் வேறு இருந்தாக வேண்டும்.

சைனாடவுனில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஃபூ, பெரியவர் காலத்திலிருந்தே பழக்கம். ஹொக் லியாங் சொன்னதைக் கேட்டுவிட்டு ஃபூ கடிகாரத்தைத் துணியில் சுற்றித் திருப்பித் தந்தார்.

"உங்க அப்பா கப்பல் ஏணியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி இதைக் கழற்றிச் சட்டைப் பையில போட்டுக்குவார். ஒரு கோடு விழக்கூடாதுன்னு. இதுல நான் கோடு போடணுமா? நான் கோடு எடுக்கிறவன்."

"படத்துல கீறல் இருக்கு, ஃபூ. கடிகாரம் படத்துல இருந்தது. அப்ப கீறல் இதுலதான் இருந்திருக்கணும். இருந்ததைத் திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்."

ஃபூ இழுப்பறையைத் திறந்தார். பிறகு வைர முனை வைத்த ஊசி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஊசி தரேன். கை உங்களோடதா இருக்கட்டும்."

மறுநாள் காலை பூசை மேடையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். சாப்பாட்டு மேசையில் இரும்பு அளவுகோலைக் கடிகாரத்தின்மேல் பொருத்தினார். ஸ்வீ கியோக் விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா சொன்ன வார்த்தை போதாதா?" என்று கேட்டாள்.

"நமக்குப் போதும். அவங்களுக்குப் போதலை."

இரண்டிலிருந்து நாலுக்கு இழுத்தார். ஐம்பத்தேழு வருடம் ஒரு தூசி கீறாத கண்ணாடியில் ஊசி போன சத்தம் அவருடைய பல்லைக் கூசவைத்தது. எஃகு விளிம்பில் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டார். அப்பாவின் படத்தைத் திருப்பி வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த வட்டப் படத்தைக் கண்ணாடித் தாளில் எடுத்து, ஹொக் லியாங்கின் கடிகாரத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். கீறலின்மேல் கீறல் அப்படியே உட்கார்ந்தது. கத்திக் கட்சிக்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கதை என்று எழுதியவர் வந்து, மனசுல வைச்சுக்காதீங்க அங்கிள் என்றார். ஹொக் லியாங் தலையை மட்டும் அசைத்தார். மனதில் வைத்துக்கொள்வதற்காகத்தானே இவ்வளவும்.

டாக்டர் யாப் மட்டும் உள்ளறைக்குப் போய், பொய்ப்பல் அச்சுகள் வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு தோல் பையை எடுத்துவந்தார். படக்குழுவில் வேலை பார்த்தவரின் குடும்பத்திடம் லண்டனில் வாங்கியது என்றும், இன்றைக்குக் காட்டத்தான் வைத்திருந்தேன் என்றும் சொல்லித் திறந்தார்.

அதே வகைக் கடிகாரம். இரண்டிலிருந்து நாலுக்கு அதே கீறல். கண்ணாடித் தாளை வைத்தார்கள். அதுவும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"ஸ்டான்வெல் ஒரே ஒரு கடிகாரம்தான் கட்டினான்" என்றார் டாக்டர் யாப். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றோம். எனக்குக் காகிதம் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

"எங்க அப்பா சொன்ன வார்த்தை இருக்கு" என்றார் ஹொக் லியாங். முதுகை நிமிர்த்தித்தான் சொன்னார். சொல்லும்போது வலது கை மட்டும் தானாகக் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் படச்சுருளுக்குச் சொந்தக்காரரான, மலாய் வழக்கப்படி எல்லாரும் 'பாக்சிக்' என்று மரியாதையாக அழைக்கும் தாஹிர் மெஷினைப் பூட்டித் தயாராக வைத்திருந்தார். வயது எண்பதுக்கு மேல். தியேட்டரில் படம் ஓட்டியவர். தியேட்டரை இடித்தபோது குப்பைக்குப் போகவிருந்த சுருள்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர். அவரை எல்லாருமாகச் சூழ்ந்துகொண்டு, கடிகாரம் வரும் இடம் மட்டும் போதும், அங்கே நிறுத்துங்கள் என்றார்கள்.

"நிறுத்தினா விளக்குச் சூட்டுல பொசுங்கிடும், பாஸ். ஓடவிட்டுப் பாருங்க, நல்ல படம்."

நல்ல படமா என்று எவரும் கேட்கவில்லை. சன்னல்களை மூடினார்கள். சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் ஸ்டான்வெல்லின் மணிக்கட்டு வந்தது. கடிகாரம் சாப்பாட்டு மேசையளவு பெரிதாக நின்றது. அதில் மூங்கில் கழி சாத்தியதுபோல் கீறல். நாலு நொடிக்குள் ஹொக் லியாங்கும் டாக்டர் யாப்பும் ஒரே குரலில் அது தன்னுடையது என்றார்கள். அதற்குப் பிறகு எவர் கண்ணும் திரையில் இல்லை. கத்திக் கட்சி குவெக் பக்கம் போனது, சங்கிலிக் கட்சி யாப் பக்கம் போனது. தோட்டாக் கட்சி இரண்டாகப் பிளந்தது. காகிதம் என்றார்கள், வார்த்தை என்றார்கள். டாக்டர் யாப், குவெக்கின் அப்பாவைப் பற்றி அரை வாக்கியம் சொன்னார்.

அந்த அரை வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஹொக் லியாங் இரண்டு கடிகாரத்தையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு, மெஷின் பக்கத்தில் நின்ற பாக்சிக் தாஹிரிடம் போனார். அந்த அறையில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

"பாக்சிக், இந்தப் படத்தை எத்தனையோ தடவை ஓட்டின ஆள் நீங்க. இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. படத்துல இருக்கிற கீறல் எந்தக் கடிகாரத்தோடது?"

முதியவர் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். ஹொக் லியாங்கின் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஸ்டான்வெல் எப்போதோ போய்விட்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த திரையைக் கையால் காட்டினார்.

"அது கடிகாரத்துக் கீறல் இல்ல, பாஸ், சுருளோட கீறல், எழுபத்தொண்ணுல என் மெஷின்ல சிக்கி விழுந்தது, அதோ பாருங்க, இப்ப அந்தப் பொண்ணு மூக்கு மேல நிக்குது."