கிண்ணியாக்காரனுக்குக் காய்ச்சல்

திருக்கோணமலைத் துறைமுகத்தை ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் பிடித்தார்கள். அத்தனை பேரையும் உள்ளே விட்ட ஊரில் என்னை மட்டும் விடாமல் தடுத்த ஒரே மனிதர் காய்ச்சல் டொக்டர். அவரிடம் பீரங்கி இல்லை. வினாகிரியில் நனைத்த ஒரு கைலேஞ்சித் துணிதான் இருந்தது.

துறைமுகத்தடியில் பழைய பண்டகசாலை ஒன்றை நூதனசாலை ஆக்கியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருட்களைப் பூட்டிவைக்கும் நூதனசாலை அல்ல அது. ஆட்கள் ஒல்லாந்தர் காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு அந்தக் காலத்திலேயே இருப்பவர்கள் போல நாள் முழுதும் வேலை செய்வார்கள். ஒருவர் இரும்பு அடிப்பார், ஒருவர் கயிறு திரிப்பார். போறணை அடுப்பில் விறகு எரித்துக் கோதுமை மாப் பாண் சுடுவார்கள். அந்தப் பாணைச் சுடச்சுடப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே எங்கள் வகுப்புக்கு வரலாற்றில் ஆர்வம் வந்துவிட்டது.

அப்போது எங்கள் ஊர் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. படகில்தான் வந்தோம். வாசலில், அந்த வெயிலுக்குள் கறுப்பு நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். துறைமுக வைத்தியர் வேடம்.

"எங்கயிருந்து வாறியள்?"

"கிண்ணியாவில இருந்து, டொக்டர்."

"தரையாலயோ, தண்ணியாலயோ?"

"படகில வந்தனாங்கள்."

கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். "கப்பல்ல வந்த ஆக்கள். காய்ச்சல் இருக்கும். மறியுங்கோ."

கிண்ணியாப் படகு கப்பலாம். ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அக்கரை சேர்ந்துவிடும் படகு அது. கப்பலில் வந்தவர்களுக்குச் சட்டப்படி நாற்பது நாள் மறிப்பு என்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சலுகையாக ஒரு மணித்தியாலம்தான் என்றும் சொன்னார். எங்கள் சுற்றுலாவே ஒரு மணித்தியாலம்தான். ஓலைக் கொட்டிலில் வரிசையாக இருத்தி, நாக்கை நீட்டச்சொல்லிப் பார்த்து, சீனி போடாத கொத்தமல்லித் தண்ணீர் பருக்கினார். எங்கள் வகுப்பாசிரியர் திருக்கோணமலை டவுன்காரர். வீட்டிலிருந்து நேரே வாசலுக்கு வந்தவர் என்பதால் அவரை மட்டும் உள்ளே விட்டார். சேர் திரும்பி வந்தபோது மீசையில் பாண்தூள் ஒட்டியிருந்தது. அந்தத் துரோகத்தை எங்கள் வகுப்பு இன்றுவரை மன்னிக்கவில்லை.

டொக்டரின் வீடு சாம்பல்தீவில். அங்கிருந்து சைக்கிளில் வருவார். ஆனால் அவர் காலத்தில் சைக்கிள் கிடையாது என்பதால் அதைப் பாய்த்துணி போட்டு மூடிவிடுவார். யாருடைய போனாவது அடித்தால் எந்தக் குருவி என்று மரத்தை அண்ணாந்து பார்ப்பார். நூதனசாலையின் மேலதிகாரி ஒருவர் கடற்பக்கமாகத் தோணியில் வந்திறங்கியபோது அவரையும் கொட்டிலில் இருத்திக் கொத்தமல்லி கொடுத்தாராம்.

போன மாதம் மறுபடி போனேன். இந்த முறை என் பக்கம் பாலம் இருந்தது. டவுனிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவியும் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அதே கோட்டு, அதே கைலேஞ்சி. தலை மட்டும் நரைத்திருந்தது.

"தண்ணியால வரல்ல, டொக்டர் ஐயா. பாலத்தால வந்தனான்" என்றேன்.

"என்ன பாலம்?"

"கிண்ணியாப் பாலம். பஸ்ஸெல்லாம் ஓடுது."

"தம்பி, கிண்ணியாவுக்கும் இஞ்சாலைக்கும் நடுவில கடல்தான் கிடக்குது. பாலமெண்டு ஒண்டும் இன்னும் கட்டேல்ல. உமக்குப் பிதற்றல் தொடங்கிட்டுது. காய்ச்சல் முத்திப்போச்சு."

போனில் பாலத்தின் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்லாப் படம் கீறியிருக்கு" என்றார்.

டவுனிலிருந்து வந்த என் மனைவிக்குத் தடையில்லை. "நீங்க இரிங்க, நான் பாத்திட்டு வாறன்" என்று போனவள் திரும்பி வந்து, "பாண் நல்லா இருந்திச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொறுமை போனது. டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துச் சத்தம் போட்டேன். முகாமையாளர் ஓடிவந்தார், இளம் ஆள்.

"மன்னிக்கணும் சேர். ஒவ்வொரு நாளும் இவரால கரைச்சல்தான். நீங்க முறைப்பாடெண்டு ஒரு சொல் சொல்லுங்க. நாளைக்கே ஆளை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு இதில டிக்கெட் பாக்கிற மிஷின் ஒண்டை வைப்பம். இப்ப நீங்க உள்ள வாங்க."

கதவைத் திறந்தும் விட்டார். பாண் வாசம் வந்தது. நான் டொக்டரைப் பார்த்தேன். வேறு யாராவது என்றால் வேலை போகப்போகிறதே என்று கெஞ்சியிருப்பார்கள். இவர் கைலேஞ்சியைப் பிழிந்துகொண்டு நின்றார். வினாகிரி கோட்டில் சொட்டியது.

"கப்பல்ல வந்த ஆள்" என்றார், சத்தமே இல்லாமல். "உள்ள விட்டா ஊருக்குக் கூடாது."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

"அவர்ல பிழையில்ல" என்றேன் முகாமையாளரிடம். "எனக்கு விடியக்காலையில இருந்து காய்ச்சல்தான்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. நானாகவே போய்க் கொட்டிலில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் டொக்டர் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். இந்த முறை சீனி போட்டிருந்தது. பக்கத்தில் இருந்து என் நாடியைப் பிடித்தார். கண்ணை மூடி எண்ணினார்.

"ஓம், இருக்குது" என்றார்.

அந்தப் பாணை நான் இன்னும் தின்றதில்லை. அந்த வாசலில் அவர் நிற்கும்வரை எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.