அடுக்களைச் சுவர்

வெள்ளையடித்து முடிந்ததும் கப்பல் ஏறலாம் என்று ஜம்புலிங்கம் மனைவிக்கு வாக்குக் கொடுத்தான். வெள்ளையடிப்பு முடியவே கூடாது என்று தனக்குள் தீர்மானமும் செய்துகொண்டான்.

சாத்தம் தீவுக்குப் பக்கத்துப் பட்டறையில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் அவன். மனைவி சந்திரமதி, தன் தங்கையின் பிரசவத்துக்கு மெட்ராஸ் போகத் துடித்தாள். இரண்டு மாதம். போர்ட் பிளேரில் மழை பிடித்துக்கொண்டால் பேச்சுத் துணைக்குத் தகரக் கூரைதான். அதை வாய்விட்டுச் சொல்வானா? ஆம்பிளை.

கொசு மருந்தடிக்கிற ஃபிளிட் பம்பில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சுவர் முன்னால் நின்றான்.

"பட்டறையில துப்பாக்கி மாதிரி ஒண்ணை வச்சு ஒரே நாள்ல முழுப் படகையும் அடிப்பீங்களே?"

"அதுக்குக் கம்ப்ரஸர் வேணும். அடைச்சு வச்ச காத்து பெயிண்டைப் புகையாக் கிழிச்சு விடும். சர்க்கார் சாமான். வீட்டுக்குத் தருவானா?"

"இது?"

"காத்து நம்ம கையில. குழாய் வாய்மேல ஊதினா சுண்ணாம்பு தானா ஏறி வரும். ஒரு தள்ளு, ஒரு தூறல்."

"கிட்டப் பிடிச்சா?"

"வழியும்."

"எட்டப் பிடிச்சா?"

"போற வழியிலேயே காஞ்சு மாவாக் கொட்டும். ஒரு முழம் இருக்கணும். கை நிக்கவே கூடாது."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசம்."

அவள் தலையாட்டினாள். சண்டை போடவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாளில் ஒரு கதவகலம் வெளுத்தது.

கப்பலுக்கு முந்தின சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வீடே பளீரென்று நிற்கிறது. மலேரியா மருந்தடிக்கிற பக்கத்து வீட்டு அய்யூப், வாசலில் ஒரு பழைய பம்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"காத்தே வேணாம்ணே. தண்ணியையே நெருக்கித் தள்ளும். நான் அமுக்கினேன், அக்கா அடிச்சாங்க. கை ஏக்தம் ஸ்டெடி, துளிகூட ஆடல!"

"ஒரு முழம் தள்ளித்தான் பிடிச்சேன்," என்றாள் சந்திரமதி. "குழாய் அடைக்கக்கூடாதுன்னு சுண்ணாம்பை உங்க வேட்டியில வடிகட்டினேன்."

மறுநாள் கப்பல் துறையில் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அடுக்களையில ஒரு சுவரை விட்டு வச்சிருக்கேன். ஃபிளிட்லயே அடிங்க. உங்க வேகத்துக்கு ரெண்டு மாசம் வரும். நீங்க முடிக்கவும் நான் வந்து இறங்கவும் சரியா இருக்கும்."

பதினோரு மணிக்குக் கப்பல் கிளம்பியது. வீட்டுக்கு வந்தான். இருமினால் நாலு சுவரும் திருப்பி இருமின. பம்பை எடுத்தான். தள்ளினான். கை நிற்கவே இல்லை.

ஒரு மணிக்குச் சுவர் முடிந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தான். கடல் விளிம்பில் கப்பல் இன்னும் புள்ளியாகத் தெரிந்தது.