பாவாத்தாளுக்கு ஒரு பட்டுச்சேலை

"பாவாத்தா," என்றார் நரசிம்மலு, காபி டம்ளரைப் பார்த்து.

"காபிங்க. கா... பி. எங்கே, சொல்லுங்க," என்றாள் ராமாமணி.

"பாவாத்தா," என்றார் அவர், பொறுமையாக.

மில் ஆபீசில் பட்டப்பகலில் நாற்காலியிலிருந்து சரிந்தவர், ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சொன்ன முதல் சொல் அது. அதற்குப் பிறகு வேறு சொல்லே வரவில்லை. காபிக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான். இத்தனை காலம் குடித்தனம் நடத்திய மனைவி முகத்தைப் பார்த்தாலும் அதுதான். யார் இந்தப் பாவாத்தாள்? மில்லில் விசாரிக்க ராமாமணிக்கு மானம் இடங்கொடுக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தர வந்த கயல்விழி பக்குவமாக விளக்கினாள். "இதுக்கு அஃபேசியான்னு பேருங்கம்மா. பக்கவாதம் வந்ததுல மூளையில பேச்சுக்கான இடம் அடிபட்டுப் போச்சு. நாம பேசறது பெரும்பாலும் அவருக்குப் புரியும். நினைக்கிறதச் சொல்ல வராது. சில பேருக்கு ஒரே சொல் வாயில சிக்கிக்கும்."

"சிக்குனது சிக்குச்சு, என் பேரு சிக்கியிருக்கக் கூடாதா கண்ணு?"

கயல்விழி அடுத்த பயிற்சி அட்டையை எடுத்தாள்.

ஈரோட்டிலிருந்து, ராமாமணி வதினா என்று கூப்பிடும் நாத்தனார் ரங்கநாயகி தம்பியைப் பார்க்க வந்தாள். அவர் கண் கலங்கி, "பாவாத்தா," என்றார்.

"அது யாரு அம்மணி?"

"அது... ஒரு அம்மனுங்க வதினா. சக்தியுள்ள சாமி," என்று சொல்லிவைத்தாள் ராமாமணி.

சொல்லியிருக்கவே கூடாது. அந்த வெள்ளிக்கிழமையே, ரங்கநாயகி சொல்லிச் சொந்தக்காரர்கள் எலுமிச்சம்பழ மாலையோடு வந்து நரசிம்மலுவிடம் வாக்குக் கேட்டார்கள். ஒருவர் தன் மகள் அக்ஷிதாவுக்கு வரன் அமையுமா என்றதற்கு, "பாவாத்தா," என்றார். அமையும் என்று எடுத்துக்கொண்டார்கள். பாவம், அந்த மனிதர் தண்ணீர் கேட்டிருந்தார். அது ராமாமணிக்கு மட்டும் தெரிந்தது.

அவளால் பொறுக்க முடியவில்லை. "ஊட்டுல வச்சு இப்படிக் கேக்கக் கூடாதுங்க. கோயிலுக்குப் போய்த்தான் கேக்கணும்," என்றாள்.

"அப்பப் போவோம். கோயில் எங்க இருக்குது?" என்றாள் ரங்கநாயகி.

"அது அவருக்குத்தான் தெரியுங்க."

சொல்ல முடியாதவர் மேல் பழியைப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தாள். ரங்கநாயகி அப்படி விடுகிற ஆளா? பச்சைப் பட்டுச்சேலை, தேங்காய், பழத்தோடு மறுநாளே தம்பியின் மில் வேனை வரவழைத்தாள். டிரைவர் மாசாணத்திடம், "பாவாத்தாகிட்டப் போகோணும். இடம் தெரியுமாப்பா?" என்றாள்.

"தெரியுங்க. அன்னூருங்க," என்றார் மாசாணம்.

ராமாமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயால் கட்டிய கோயிலுக்கு இவருக்கு எப்படி வழி தெரியும்? வழியெல்லாம் கணவரின் செயலிழந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காமல் அழுதாள்.

வேன் ஓர் ஓட்டு வீட்டின் முன்னால் நின்றது. வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் எழுந்து நின்றாள்.

"நம்ம மில் ஆபீசக் கூட்டிப் பெருக்கிட்டிருந்த பாவாத்தா இவுங்கதானுங்க. ஐயா உழுந்ததுக்கப்புறம் வேலைக்கு வரலீங்க," என்றார் மாசாணம். ரங்கநாயகி தேங்காய்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"பாவாத்தா," என்றார் வேனுக்குள்ளிருந்து நரசிம்மலு. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் முதல்முறையாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

ராமாமணி இறங்கிப் போனாள். கோபப்படத்தான் நினைத்தாள், கெஞ்சலாகத்தான் வந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லு அம்மணி. அவரு ஏன் உன் பேரையே சொல்றாரு?"

பாவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஐயா சரியறப்ப நான்தானுங்க பக்கத்துல இருந்தேன். 'பாவாத்தா, ராமாமணியக் கூப்புடு'ன்னாங்க. மறுக்காவும் அதையே சொல்ல வந்தாங்க, என் பேரோட வாய் நின்னுபோச்சுங்க."