புல்லுக்கும் கிருதா

சீப்பால் புல்லைத் தூக்கிப் பிடித்துக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார் மாஸ்டர்.

சலூன் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு என்ன செய்வாரோ அதையேதான் தரைக்கும் செய்தார். குந்தி உட்கார்ந்து, நுனியை விரலிடுக்கில் நீவி, கொஞ்சமாக வெட்டி, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்து, மறுபடி சீப்பு. வாசலில் இருந்த புல்தரை என்னவோ நாலு பாய் விரிக்கிற அளவுதான். ஆனால் புல் முழங்கால் வரைக்கும் வளர்ந்திருந்தது. காலையிலிருந்து வெட்டியதில் ஒரு தலையணை அளவு இடம்கூடத் தேறவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் கொடுக்கிற வேலைதான் போனதே தவிர, ஊர்ச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அவர் விடவில்லை.

"கத்தரி சரி மாஸ்டர். சீப்பு எதுக்கு?"

"சீப்பு இல்லாம லெவல் வராது சார்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் வர்றாராமே?"

"ஆமா சார். எங்களுக்கே இன்னும் ஒரு வருஷம் விடலாமா, வேண்டாமான்னு வீட்டைப் பாக்க வர்றாரு."

"வீட்டையா பாப்பாரு? புல்லைத்தான் பாப்பாரு. முன்னாடி இருந்தவங்களை எதுக்குக் காலி பண்ணச் சொன்னாருன்னு நினைக்கிறீங்க?"

கத்தரி நின்றது. "புல்லுக்கா?"

"புல்லுக்கேதான். அதுவும் சாதாரணப் புல்லா? கம்பளம் தோத்துடும். செருப்போட மிதிக்க மனசு வராது. ஐயா வந்தாரு, பாத்தாரு, மூஞ்சி கருத்துப் போச்சு. ஒரு வார்த்தை பேசலை. அடுத்த மாசமே சாமானெல்லாம் லாரியில ஏறிடுச்சு."

மாஸ்டர் சீப்பைக் கீழே வைத்தார். கம்பளம் மாதிரி இருந்த புல்லையே பிடிக்கவில்லை என்று ஒரு மனிதர் முகத்தைச் சுளித்தாரென்றால், அவர் கண் எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும்?

"அப்ப அவரு வீட்டுப் புல்லு எப்படி சார் இருக்கும்?"

பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாரு பாத்தா? மதில் ரெண்டு ஆள் உயரம். விடிஞ்சு எழுந்தா அதுலதான் கிடக்கிறாருன்னு கேள்வி."

மாஸ்டர் எழுந்து நின்று, அந்தப் பெரிய மனிதரின் வீடு இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கலைஞனுக்குத்தான் கலைஞனின் அருமை தெரியும் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. கூடவே பயமும் வந்தது.

வீடு போனால் மாஸ்டருக்கு ஒன்றுமில்லை. சலூன் நாற்காலியிலேயே சுருண்டுகொள்கிற ஆள். மனைவியை நினைத்தால்தான் கவலை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தரமாக இரவு ஷிப்ட். பகலில் தூங்கியாக வேண்டும். முன்பு வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருந்தபோது அவளுக்குத் தூக்கம் என்பதே கிடையாது. கையில் துடைப்பத்தோடு சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணசந்ததுண்டு. இந்த வீட்டுப் பின்னறையில்தான், கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவள் குறட்டை விட்டாள். மாஸ்டர் கதவோரம் நின்று அதைக் கேட்டுக் கண் கலங்கினார்.

அந்தக் குறட்டை நிலைக்க வேண்டுமானால் புல்லை வெட்ட வேண்டும். குறட்டை கலையாமலும் வெட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

சலூனில் யோசனைக்கா பஞ்சம்? முகத்தில் நுரையோடு மல்லாந்திருந்தவர் சொன்னார். "பெட்ரோல் மெஷின் வாங்குங்க மாஸ்டர். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"சத்தம் வருமே."

"வரும். நாலு தெருவுக்குக் கேக்கும். மெஷின்னா கேக்கத்தானே வேணும்."

காத்திருந்த இன்னொருவர் பேப்பரை இறக்கினார். "ஆடு வாங்கிக் கட்டுங்க."

"ஆட்டுக்கு லெவல் தெரியாதுங்க" என்றார் மாஸ்டர், கொஞ்சம் கடுப்பாக. சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டுத் தோட்டச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்.

விற்பனையாளர் விவரமான ஆள். "எவ்வளவு இடம் சார்?" என்று கேட்டார்.

"நாலு பாய் விரிக்கலாம்."

"அப்ப மோட்டாரே வேண்டாம். கையால தள்ளுற மெஷின் போதும். கரண்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புகையும் கிடையாது."

"சத்தம்?"

"கத்தரிக்கோல் சத்தம்தான் வரும். சொல்லப்போனா இது கத்தரிக்கோலேதான் சார்."

மாஸ்டரின் காது நிமிர்ந்தது. விற்பனையாளர் மூலையிலிருந்து ஒரு மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு சக்கரம், நீளமான கைப்பிடி. சக்கரங்களுக்கு நடுவே உருளையைச் சுற்றி முறுக்கினாற்போல ஐந்து பிளேடு. அதற்குக் கீழே அசையாத பிளேடு ஒன்று.

"சக்கரம் உருண்டா மேல இருக்கிற பிளேடு சுத்தும். சுத்துற பிளேடும் கீழ இருக்கிற பிளேடும் உரசியும் உரசாம இருக்கணும். புல்லு நடுவுல மாட்டினா கச்சிதமா நறுக்கிடும். மோட்டார் மெஷின் மாதிரி அடிச்சுக் கிழிக்காது." அவர் ஒரு காகிதத் துண்டை நீட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது.

மாஸ்டர் குனிந்து பிளேடைப் பார்த்தார். தன் தலையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கினார். பிளேடுகளுக்கு நடுவே பிடித்து, சக்கரத்தை மெல்ல உருட்டினார். முடியின் நுனி தனியே விழுந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கத்தரி பிடித்தே வளர்ந்த கை அது. ஐந்து கத்தரிகள் வட்டமாக நின்று, ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கை வலிக்காமல், வாய் பேசாமல் வேலை செய்யும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"இதைவிட அகலமானது இருக்கு சார். ஒரே தடவையில நிறைய வெட்டும்" என்றார் விற்பனையாளர்.

"சின்ன இடத்துல திரும்புமா?"

"நல்ல கேள்வி. திரும்பாது. மூலையில முட்டிக்கிட்டு நிக்கும். உங்களுக்குக் குறுகலானதுதான் சரி. இப்ப இந்தச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்க. ஆடுதா? ஆடினா வாங்கவே கூடாது. உள்ள பல்சக்கரம் இரும்பு. பிளாஸ்டிக்னா ரெண்டு மழைக்குத் தாங்காது. உயரத்தை ஏத்தி இறக்க இங்க ஒரு திருகாணி இருக்கு."

மாஸ்டர் ஆட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், கைப்பிடி இடுப்புக்கு வருகிறதா என்று நின்று பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார்" என்றார் விற்பனையாளர். "புல்லை ஒரே நாள்ல ஒட்ட வெட்டிடாதீங்க. மூணுல ஒரு பங்கு வெட்டணும். கொஞ்ச நாள் கழிச்சு இன்னும் கொஞ்சம் வெட்டணும்."

மாஸ்டர் தலையாட்டினார். மனதுக்குள் அவருக்குச் சிரிப்பு. மூன்றில் ஒரு பங்கு வெட்டிக்கொண்டு மீதித் தலையோடு எழுந்து போகிற வாடிக்கையாளரை அவர் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலை மனைவி வேலையிலிருந்து வந்து படுத்தாள். பின்னறையிலிருந்து குறட்டை எழும்பியதும் மாஸ்டர் மெஷினை இறக்கினார்.

முதல் தள்ளலில் புல் தலை சாய்ந்து படுத்தது. மெஷின் தாண்டிப் போனதும் சாவகாசமாக எழுந்து நின்றது. நீளம் அதிகம் என்று புரிந்தது. கத்தரியை எடுத்துக் குத்துக்குத்தாக நறுக்கித் தள்ளிவிட்டு மறுபடி உருட்டினார். இப்போது வெட்டியது. சரக், சரக் என்று சீரான சத்தம். பச்சை வாசனை கிளம்பியது. பின்னால் திரும்பிப் பார்த்தால், புதிதாகச் சவரம் செய்த கன்னம்போல ஒரு பட்டை பளபளத்தது. மாஸ்டர் மெய்ம்மறந்து நின்றுவிட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தார். இடது பக்கம் ஒரு நூல் உயரமாகத் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிருதாவில் ஒரு பக்கம் கூடக்குறைய இருந்தால் மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்காது. திருகாணியை ஒரு சுற்று இறக்கி இடது பக்கத்தைத் தள்ளினார். இப்போது வலது பக்கம் உயரம். அதைச் சரிசெய்தார். மறுபடி இடது. சலூனில் என்றால் கண்ணாடியில் பார்க்கிற வாடிக்கையாளர் பதறி, "போதும் மாஸ்டர்" என்று காதைப் பிடித்துக்கொள்வார். புல்லுக்கு அப்படிச் சொல்ல வாயில்லை.

திருகாணி அதற்கு மேல் இறங்க மறுத்தபோதுதான் அவர் நிமிர்ந்தார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

மனைவி தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்றாள். நடுவில் புல்லே இல்லை. மண் தெரிந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாகப் புல்லின் மஞ்சள் அடிக்கட்டைகள்.

"லெவல் பண்ணினேன்."

"எதை? பூமியையா?"

மாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். "உன் தூக்கத்துக்காகத்தான் வாங்கினேன். இப்ப அந்தத் தூக்கத்துக்கே உலை வெச்சுட்டேன். மறுபடியும் வெல்டிங் பட்டறைதான் போல இருக்கு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவளுக்கோ அடக்க முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சலூனுக்கு வழுக்கைத் தலை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஓரத்துல இருக்கிறதை நீளமா விட்டு, குறுக்கால வாரி விடுவோம்."

இருவரும் மதிலோரத்தைப் பார்த்தார்கள். சுவரை ஒட்டி மெஷின் போக முடியாத இடத்தில் புல் இன்னும் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தெளித்து, சீப்பு போட்டு, ஓரத்துப் புல்லை மொத்தமும் நடுவுக்கு வாரிப் படிய வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, வெகுநேரம் பார்த்து, "இப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்று சொல்லிவிட்டு, செய்தி சொல்ல வேகமாகக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கினார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சட்டை. டிரைவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் மாஸ்டரையும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை. நேரே புல்தரைக்குப் போனார்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. வாரிவிட்ட புல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் வழுக்கை முழுசாகத் தெரிந்தது.

மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் குனிந்தார். மண்ணைத் தொட்டார். மஞ்சள் கட்டைகளைத் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. கருக்கவும் இல்லை, சிவக்கவும் இல்லை.

"நீங்களே வெட்டினதா?"

"ஆமாங்க ஐயா."

"வேற யாரும் கை வைக்கலையே?"

"இல்லைங்க ஐயா. தப்பெல்லாம் என்னோடதுதான்."

"என்ன மெஷின்?"

மாஸ்டர் மெஷினை உருட்டி வந்து நிறுத்தினார். வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்றினார், பிளேடைத் தடவினார். "முதல் தரமான மெஷின் ஆச்சே. இதை வெச்சா இப்படி வெட்டினீங்க?"

"ஆமாங்க ஐயா."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வெகுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர்போலத் தோள் தளர்ந்தது. மாஸ்டரின் முதுகில் தட்டிக் கொடுத்தார். கண்ணோரம் ஈரம்கூடத் தெரிந்தது.

"எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கயே இருங்க. ஒரே ஒரு கண்டிஷன். புல்லு இதே மாதிரிதான் இருக்கணும். நீங்கதான் வெட்டணும். வேற ஆளை வெச்சு வெட்டினீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

வாடகைப் பேப்பரில் கையெழுத்துப் போட அவர் உள்ளே போக, மனைவி வாயெல்லாம் பல்லாக அவர் பின்னாலேயே ஓடினாள். மாஸ்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு கையும் தாமாகவே கூப்பிக்கொண்டன.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்றார் டிரைவரிடம். "கம்பளம் மாதிரி இருந்த புல்லையே வேண்டாம்னு சொன்னவரு. என் வழுக்கையை மன்னிச்சுட்டாரே. அந்த மனசு யாருக்கு வரும்?"

டிரைவர் துணியைப் பிழிந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மனசெல்லாம் ஒண்ணுமில்லைங்க மாஸ்டர். முன்னாடி இருந்தவங்க புல்லு எங்க ஐயா வீட்டுப் புல்லை விட நல்லா இருந்துச்சு, அதான் காலி பண்ணச் சொல்லிட்டாரு."